தண்ணீர் பிரித்ததை முறுக்கிக் காட்டியவர்

பனியன் ஊரில் படிக்கிற நமக்குப் பருத்தின்னா செல்லுலோஸ் என்று தெரியும். பட்டு, கம்பளி, தோல் எல்லாம் புரதம். தோலில் உள்ள கொலாஜன் புரதத்தின் வடிவத்தைச் சென்னையிலிருந்தே கண்டுசொன்னவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் எலக்ட்ரிகல் சேர்ந்தவர், சர் சி.வி.ராமனிடம் இயற்பியலுக்கு மாறிவிட்டார். (எலக்ட்ரிகல் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்!) 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர்.

அமினோ அமிலங்கள் கண்ணி கண்ணியாகக் கோத்ததுதான் புரதம். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறியிருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. காலம் போய்க்கொண்டே இருக்கும். நம்ம வயிற்றில் நொதிகள் உதவுகின்றன. ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, 110 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வேக வைப்பார்கள்.

கொலாஜனை இப்படிப் பிரித்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிளைசின்! இருப்பதிலேயே சின்ன அமினோ அமிலம். அது ஏன் இவ்வளவு? கங்காரு வால் தசைநாரின் எக்ஸ்ரே படத்தையும் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தார் ராமச்சந்திரன். மூணு இழை முறுக்கு நூல் மாதிரி மூன்று சங்கிலிகள். நடுவில் இடமே இல்லை, கிளைசின் மட்டும்தான் அடங்கும். கோபிநாத் கர்த்தாவோடு 1954-ல் எழுதி, 1955-ல் திருத்தினார்.

அணுக்கள் ரொம்ப நெருங்கி நிற்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள். சும்மா விடவில்லை மனுஷன். எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்கிட்டு, 1963-ல் சகாக்களோடு ஒரு வரைபடமே போட்டார். 2001-ல் மறைந்தார். புதுப் புரத வடிவம் சரியா என்று பார்க்க, இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள்.