19 ஆண்டுகள் தடை... பிறகு புனிதர் பட்டம்! யார் இந்த ஃபாஸ்டினா?

கத்தோலிக்க வீடுகளில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க. வெள்ளை அங்கியில் இயேசு நிற்பார். நெஞ்சிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒளிக்கதிர்கள் பாயும். ‘இறை இரக்கப் படம்’ என்பார்கள். இந்தப் படம் உருவாகக் காரணமானவர், மடத்து சமையலறையில் வேலை பார்த்த ஒரு கன்னியாஸ்திரி!

வீட்டு வேலையிலிருந்து மடத்துக்கு

1905-ல் போலந்து கிராமம் ஒன்றில், ஏழை விவசாயக் குடும்பத்தின் 10 பிள்ளைகளில் 3-வதாகப் பிறந்தார் ஹெலெனா கோவால்ஸ்கா. பள்ளிக்குப் போனது 3 வருஷம்கூட முழுசா இல்லை. டீன் ஏஜிலேயே வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

துறவியாகணும்னு ஆசை. பெற்றோர் சம்மதிக்கவில்லை. 1924-ல், உடுத்திய துணியோடு வார்சாவுக்கு ரயிலேறினார். பல மடங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. ஒரு மடம் மட்டும், தேவையான துணிமணிக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னது. ஒரு வருஷம் வீட்டு வேலை செய்து சேர்த்தார். 1925-ல் மடத்தில் சேர்ந்தவருக்கு, பின்னர் ஃபாஸ்டினா என்ற பெயர் கிடைத்தது.

யார் நம்புவாங்க?

1931 பிப்ரவரி 22 இரவு இயேசு தனக்குக் காட்சி தந்து, அந்த உருவத்தைப் படமாக வரையச் சொன்னார் என்பது ஃபாஸ்டினாவின் பதிவு. ஆனா, அவருக்கு வரையத் தெரியாது.

அவருடைய ஆன்மிக வழிகாட்டியான பாதிரியார் சொபோச்கோகூட உடனே நம்பிவிடவில்லை. மனநலப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். பிரச்சினை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே ஓவியரை நாடினார். 1934-ல் தயாரான படத்தைப் பார்த்து ஃபாஸ்டினா அழுதார். தான் கண்ட அழகு அதில் இல்லை என்பதுதான் காரணம்!

டைரி எழுதச் சொன்னதும் சொபோச்கோதான். காசநோயோடு போராடிக்கொண்டே எழுதினார். 1938 அக்டோபர் 5-ல் இறந்தபோது வயது 33. கூட இருந்த சிஸ்டர்கள் பலருக்கு அதுவரை இந்தக் காட்சிகள் பற்றி எதுவும் தெரியாது.

தடையும் திருப்பமும்

1959-ல் அவருடைய எழுத்துகளையும் படத்தையும் பரப்ப வாடிகன் தடை போட்டது. டைரியின் பிழையான மொழிபெயர்ப்பு இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஃபாஸ்டினா இறந்த கிராகோவ் நகரின் பேராயர், 1965-ல் அவரது வாழ்க்கை குறித்த விசாரணையைத் தொடங்கிவைத்தார். 1978 ஏப்ரலில் தடை நீங்கியது. ஆறே மாதத்தில் அந்தப் பேராயர் போப் ஆனார். அவர்தான் இரண்டாம் ஜான் பால்!

2000 ஏப்ரல் 30-ல் ஃபாஸ்டினாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததும் அவரே. மூன்று வருஷம்கூட பள்ளிக்குப் போகாத பெண்ணின் டைரி, இன்று பல மொழிகளில் வாசிக்கப்படுகிறது.