இரைப்பையின் காலம் கண்ட மருத்துவர்

திருவண்ணாமலையில் உணவுண்டு மலைவலம் தொடங்கும் அடியார் அடி அண்ணாமலையை அடைவதற்குள், அவ்வுணவு இரைப்பையில் எந்நிலையை எய்தியிருக்கும்? இத்தகைய வினாவுக்குக் காலக்கணக்கோடு விடை தேடிய முன்னோடி வில்லியம் போமாண்ட் ஆவார்.

இவர் 1785 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கனெக்டிகட்டில் பிறந்தார். படை மருத்துவராய்ப் பணியாற்றினார். 1822 சூன் 6 அன்று மாக்கினாத் தீவில், அலெக்சிசு செயின்ட் மார்ட்டின் என்னும் கனடியப் படகோட்டியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. போமாண்ட் அவரைப் பிழைப்பித்தார். எனினும், இரைப்பையில் விழுந்த துளை மூடவேயில்லை.

அத்துளையே ஆராய்ச்சிக்கு வாயிலாயிற்று. 1825 முதல் போமாண்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே விடுத்து, குறித்த நேரத்தில் வெளியே எடுத்து நோக்கினார். வெந்த சோறு ஒரு மணி நேரத்திலும், வாட்டிய பன்றியிறைச்சி ஐந்து மணி நேரத்திற்கு மேலும் செரித்தன எனக் கண்டார். தம் முடிவுகளை 1833 இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வறிவு மருந்தியலுக்கும் இன்றியமையாதது. உண்ணும் மருந்துகளுள் பெரும்பாலானவை சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகின்றன. ஆதலின், இரைப்பை விரைந்து ஒழிந்தால் மருந்தும் பொதுவாக விரைந்து குருதியிற் கலக்கும்; தாழ்த்தால் மருந்தும் தாழ்க்கும். இக்காலத்தில் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவை உண்பித்து, உடலுக்குப் புறத்தே வைத்த கருவியால் அவ்வேகத்தை அளக்கின்றனர்.

போமாண்ட் 1853 இல் மறைந்தார்; துளையோடே வாழ்ந்த செயின்ட் மார்ட்டின் 1880 இல் மறைந்தார். ஆராய்ந்தவர் பெரும்புகழ் பெற்றார். வலியையும் வயிற்றுக் கோளாற்றையும் தாங்கியவரோ எழுத்தறியா ஏழை. அறிவின் பயனை நுகரும் நாம் இருவரையும் நன்றியோடு நினைத்தல் கடனாகும்.