கப்பலுக்குக் கோடு போட்டவர்

மாட்டு வண்டிகள் அய்யலூர்ச் சந்தைக்குப் பாரம் ஏற்றிச் சென்ற காலத்தில், மூட்டை மிஞ்சினால் அச்சு முனகும், மாடு நின்றுவிடும், வழியில் போகிறவர்கள் வண்டிக்காரனை ஏசுவார்கள். கடலில் அப்படி இல்லை. சரக்கு மிஞ்சிய கப்பல் சத்தம் போடாமல் கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும், அவ்வளவுதான். காற்று நல்லபடி இருந்தால் ஊர் வந்து சேரும். அதிர்ஷ்டக் கப்பல் என்று பெயரும் வாங்கிவிடும். அடுத்த பயணத்திலும் முதலாளி அதே பாரத்தை ஏற்றுவார். புயல் வந்தாலோ கப்பலும் மாலுமிகளும் சாட்சியும் ஒன்றாக மூழ்கிப் போவார்கள். முதலாளிக்கு இன்ஷ்யூரன்ஸ் பணம் வந்து சேரும்.

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழக்கமாக நடந்த இந்த அக்கிரமத்தை எதிர்த்துக் கிளம்பியவர் சாமுவேல் பிளிம்சால். 1824-ல் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். அவர் மாலுமி அல்ல, நிலக்கரி வியாபாரி! லண்டனில் வியாபாரம் நொடித்து, சில்லறைக் காசுக்குத் தங்கும் ஏழை விடுதியில் நாள் கழித்தார். ஏழைத் தொழிலாளியின் மனசு அங்கேதான் அவருக்குப் புரிந்தது. பிறகு வியாபாரம் தழைத்தது. 1868-ல் டெர்பி தொகுதியின் பார்லிமெண்ட் மெம்பரானார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாலுமி, கப்பலின் நிலையைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால் அவனுக்கு ஜெயில். அவனை அனுப்பிய முதலாளிக்கு ஒன்றுமில்லை. நல்ல நியாயம்! கப்பலில் பார எல்லைக்குக் குறி வேண்டும் என்று ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளி முன்பே சொல்லி வந்தார். அந்த யோசனையை பிளிம்சால் கையில் எடுத்துக்கொண்டார். மூழ்கிய கப்பல்களின் கணக்குகளைத் திரட்டி 1873-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆத்திரத்தில் சில இடங்களில் தவறியும் எழுதிவிட்டார். முதலாளிகள் மான நஷ்ட வழக்குப் போட்டார்கள். ஆனாலும் நாடு விழித்துக்கொண்டது.

1875 ஜூலை 22. கப்பல் மசோதாவைக் கைவிடப் போவதாகப் பிரதம மந்திரி டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சால் கொதித்தெழுந்தார். கப்பல் முதலாளிகளான மெம்பர்களை அயோக்கியர்கள் என்று சபையிலேயே சாடினார். அவரை வெளியேறச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்குள் ஊரெங்கும் ஒரே கிளர்ச்சி. சர்க்கார் பணிந்தது. 1876-ல் சட்டம் வந்தது.

அதிலும் ஓர் ஓட்டை! கோடு கட்டாயம், ஆனால் அதை எங்கே போடுவது என்பது முதலாளியின் இஷ்டம். மனம் போன உயரத்தில் போட்டுக்கொண்டார்கள். 1890-ல்தான் கோட்டின் இடத்தையும் சட்டம் நிர்ணயித்தது. 1898-ல் பிளிம்சால் காலமானார்.

1930-ல் பல நாடுகள் கூடி இதை உலக விதியாக்கின. 1966-ல் புது ஒப்பந்தம் ஏற்பட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் நடுப்பக்கத்தைப் பார்த்தால், ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் தெரியும். பக்கத்தில் ஏணிப்படி போலச் சின்னக் கோடுகள். வெப்பக் கடலுக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று. நன்னீரில் கப்பல் சற்று அதிகமாக அமிழுமல்லவா! பாரம் மிஞ்சினால், புயல் வருவதற்கு முன்பே, துறைமுகத்தில் நிற்கிற எவரும் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

1929-ல் லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் பிளிம்சாலுக்கு ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். எழுப்பியது மாலுமிகள் சங்கம்.