பிறமொழியில் வாழ்ந்த குரல்

பேசும்படம் ஜெர்மனியில் வேரூன்றத் தொடங்கிய காலம். 1931 மே மாதம் பெர்லினில் 'எம்' என்னும் படம் திரைக்கு வந்தது. பிரிட்ஸ் லாங் இயக்கிய அப்படத்தில், குழந்தைகளைக் கொல்லும் ஒருவன் நகரில் உலவுகின்றான். காவலர் படை முழுவதும் தேடியும் அகப்படாத அவனை அடையாளம் காண்பவர் பார்வையற்ற பலூன் வணிகர் ஒருவர். கொலைஞன் தன்னை மறந்து எழுப்பும் சீழ்க்கையொலியே அவருக்குச் சான்றாகின்றது. அக்கொலைஞனாக நடித்தவர் பீட்டர் லோரே. ஆனால் அந்தச் சீழ்க்கை அவருடையதன்று. அவருக்குச் சீழ்க்கையடிக்க வராது. ஆதலின் இயக்குநரே அவ்வொலியை எழுப்பிச் சேர்த்தார். உடல் ஒருவருடையது, ஒலி மற்றொருவருடையது. இந்த முரண் லோரேயின் வாழ்வை இறுதிவரை விடாது தொடர்ந்தது.

அவருடைய இயற்பெயர் லாஸ்லோ லோவன்ஸ்டைன். 1904 ஜூன் 26 ஆம் நாள், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள சிற்றூர் ஒன்றில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த மண் ஹங்கேரிய அரசுக்குட்பட்டது; வீட்டில் வழங்கியது ஜெர்மன் மொழி. நான்கு வயதில் தாயை இழந்தார். குடும்பம் பின்னர் வியன்னாப் பகுதியில் குடியேறியது. இளமையில் சில காலம் வங்கியில் பணி. மனம் கணக்கேட்டில் ஒட்டவில்லை. அந்நாளில் மொரேனோ என்னும் மருத்துவர், எழுதிய உரையாடல் ஏதுமின்றி நடிகர்கள் அவ்விடத்திலேயே புனைந்து நடிக்கும் அரங்கொன்றை வியன்னாவில் நடத்தி வந்தார். அங்கேதான் லோரே உருவானார். பின்னர் பிரெஸ்லாவ், சூரிச், மீண்டும் வியன்னா என மேடைகள் பல ஏறி, பெர்லின் வந்து சேர்ந்தார்.

பெர்லினில் அவருக்கு வாய்த்த பேறு பிரெக்டின் நட்பு. கவிஞரும் நாடக ஆசிரியருமான பெர்தோல்ட் பிரெக்டை நம் வட்டத்தார்க்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. 1931இல் பிரெக்ட் தாமே இயக்கிய 'மனிதன் மனிதனே' நாடகத்தில் லோரே தலைமைப் பாத்திரம் ஏற்றார். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவைக் களமாகக் கொண்டது அந்நாடகம். மீன் வாங்க வீட்டை விட்டுப் புறப்பட்ட எளிய தொழிலாளி ஒருவனைப் படைவீரர் சிலர் பிடித்து, காணாமற்போன தம் தோழனின் பெயரையும் உடையையும் அவனுக்குச் சூட்டி, அவனை அவனே மறந்துபோகும்படி செய்துவிடுகின்றனர். லோரே உரையாடலைப் பேசிய முறை திறனாய்வாளர்க்குப் பிடிக்கவில்லை. பேச்சில் ஒழுங்கில்லை, தொடர்ச்சியில்லை என்றனர். பிரெக்ட் நாளிதழில் மறுமொழி எழுதி, அம்முறை புதிய நாடகத்திற்கென எண்ணிக் கைக்கொண்டது என்று நிறுவ முற்பட்டார். நடிகர் ஒருவர் பேசும் முறைக்காகக் கவிஞர் ஒருவர் வழக்காட முன்வந்தது இலக்கிய வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று.

அதே ஆண்டில் வந்ததே 'எம்'. படத்தின் பெரும்பகுதியில் அவர் வாய் திறப்பதே அரிது. இறுதியில் நகரத்துத் திருடர்கள் கூடி நடத்தும் நீதிமன்றத்தில்தான் அவர் பேசுகின்றார். தன்னுள் இருந்து தன்னையே துரத்தும் ஒன்றைப் பற்றிய பேச்சு அது. குழந்தையின் மென்மையோடு தொடங்கி, மூச்சிரைத்து, அலறலாய் உடைந்து, மீண்டும் முணுமுணுப்பாய் அடங்குகின்றது. தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளுள் அச்சமும் இளிவரலும் அழுகையும் ஒரே மூச்சில் ஒரு குரலிலேயே எழக் கேட்கின்றோம். மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இக்காட்சி நினைவுக்கு வருவதுண்டு.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதராகிய லோரே ஜெர்மனியை விட்டு வெளியேறினார். வியன்னா, பாரிஸ், பின்னர் இலண்டன். 1934இல் ஹிட்ச்காக் தம் படமொன்றில் அவருக்கு வாய்ப்பளித்தபோது அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மிகச் சொற்பம். உரையாடலை ஒலியாகவே மனனம் செய்து பேசினார். பொருள் முழுதும் வசமாகாத சொல்லை ஏற்ற இறக்கத்தாலும் இடைநிறுத்தத்தாலும் மட்டுமே உயிர்ப்பிக்க வேண்டிய நிலை. அவர் பிற்காலத்து ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் நாவில் வைத்து எடை பார்த்து வெளியிடுவதுபோல் ஒலிப்பதற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அவ்வாண்டிலேயே அமெரிக்கா சென்றார்.

அவர் விட்டுச் சென்ற குரலை நாசிகள் விடவில்லை. 1940இல் யூதரை இழிவுபடுத்த அவர்கள் எடுத்த பரப்புரைப் படமொன்றில், 'எம்' படத்தின் அந்த இறுதிப் பேச்சை வெட்டி ஒட்டினர். பாத்திரத்தின் வாக்குமூலம் நடிகனின் இனத்துக்கு எதிரான சான்றாக்கப்பட்டது. ஒரு கலைஞனுக்கு இதனினும் கொடிய அவமதிப்பு உண்டோ, அறியேன்.

ஹாலிவுட்டில் அவருக்கு வேலை குறைவில்லை. 1937 முதல் 1939 வரை எட்டுப் படங்களில் 'மோட்டோ' என்னும் ஜப்பானியத் துப்பறிவாளராக நடித்தார். ஹங்கேரியில் பிறந்து ஜெர்மன் பேசி வளர்ந்தவரை ஜப்பானியராக்கியது அன்றைய ஹாலிவுட்டின் அறியாமை. அயலான் என்றால் எந்த அயலானும் ஆகலாம் என்பது அதன் கணக்கு. 1941இல் 'மால்டாப் பருந்து', 1942இல் 'காசபிளாங்கா'. பின்னதில் அவர் தோன்றுவது தொடக்கத்தில் சில நிமிடங்களே. எனினும் படம் பார்த்தவர் எவரும் அக்கெஞ்சும் குரலை மறப்பதில்லை.

அக்குரலுக்கு முழு ஆட்சி கிட்டியது வானொலியில். 1940களில் அச்சமூட்டும் கதைகளை நாடகமாக்கி ஒலிபரப்பும் நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தன. 1947 கோடையில் என்.பி.சி. வானொலியில் 'காற்றில் மர்மம்' என்ற பொருள்படும் தொடர் அவரையே முதன்மையாகக் கொண்டு ஒலித்தது. எட்கர் ஆலன் போ, மாப்பசான், புஷ்கின், தஸ்தயேவ்ஸ்கி ஆகியோர் படைப்புகள் அதில் நாடகமாயின. ஒப்பனையில்லை, விளக்கொளியில்லை, ஒலிவாங்கியும் கையில் தாளும் மட்டுமே. பித்தேறும் மனம் ஒன்று படிப்படியாய்ச் சிதைவதை அவர் மூச்சின் வேகத்தாலேயே கேட்போர்க்கு உணர்த்தினார்.

ஆனால் அதே காலத்தில் அக்குரலைப் பிறரும் எடுத்துக்கொண்டனர். 1946இல் வெளிவந்த வார்னர் நிறுவனக் கேலிச்சித்திரப் படமொன்றில் அவர் சாயலும் குரலும் கொண்ட அறிவியலாளன் ஒருவன் தோன்றினான். 1947இல் பால் பிரீஸ் என்னும் பலகுரல் கலைஞர் இசைத்தட்டொன்றில் லோரேயாகவே பேசி நாட்டைச் சிரிக்க வைத்தார். அவர் படம் ஒன்றையும் பாராத சிறுவர்கூட அவரைப் போலப் பேசிக் காட்டினர். மக்கள் விரும்பியது அந்நகலின் மிகைப்பாட்டை. லோரேயும் சில வேளைகளில் தம் நகலுக்கு நகலாகத் தாமே பேசி அவர்களை நிறைவித்தார். வயிற்று அறுவை மருத்துவத்தின் வலியால் இளமையிலேயே தொற்றிய மார்பின் பழக்கம் அவரை வருத்தியது. 1949இல் கடன் தீர்க்க வகையற்றவராய்த் திவாலானார்.

ஜெர்மனிக்குத் திரும்பினார். தாமே எழுத்தில் பங்கேற்று, இயக்கி, நடித்து 1951இல் 'தொலைந்தவன்' என்னும் படத்தைத் தந்தார். நாசிகள் காலத்தில் கொலை புரிந்தும் தண்டனையின்றி விடப்பட்ட அறிவியலாளன் ஒருவனின் கதை அது. அவர் இயக்கிய படம் அது ஒன்றே. இரண்டு பதிற்றாண்டுகளுக்குப் பின் தாய்மொழியில், மிகையேதுமின்றி, களைத்த தாழ்குரலில் பேசுகின்றார். போரின் இடிபாடுகளை மறக்க விரும்பிய ஜெர்மானியர் அதனைப் பார்க்க வரவில்லை.

பிரெக்ட் கலிபோர்னியாவில் ஏதிலியாக வாழ்ந்த நாளில் லோரே அவருக்கு உற்ற துணையாய் இருந்தவர். 1947இல் அமெரிக்காவை விட்டு வெளியேறி, பின்னர்க் கிழக்கு பெர்லினில் அரங்கு அமைத்த பிரெக்ட், அயலகத்தில் வாழும் நடிகர் பி. எல். என்று விளித்து ஒரு கவிதை எழுதித் தம் நண்பரைத் திரும்பி வர அழைத்தார். லோரே அங்குச் செல்லவில்லை. அமெரிக்காவுக்கே திரும்பினார். கவிஞரின் அழைப்பை ஏற்காதது பிழையென்று கூறுவோர் உளர். என்னால் அவ்வாறு கூற இயலவில்லை. தம் நாட்டார் தம் குரலைக் கேட்க வரவில்லை என்பதைக் கண்டபின், ஒரு கவிதையை நம்பி மீண்டும் அங்கு வாழ்வைத் தொடங்குதல் எளிதன்று.

எஞ்சிய ஆண்டுகளைச் சுருங்கச் சொல்லலாம். 1954இல் 'கசினோ ராயல்' தொலைக்காட்சி நாடகத்தில் ஜேம்ஸ் பாண்டின் முதல் எதிரியாக வந்தார். 1962, 1963 ஆம் ஆண்டுகளில் போவின் கதைகளைத் தழுவிய படங்களில் வின்சென்ட் பிரைஸுடன் நடித்தார். எழுதிய உரையாடலைத் தள்ளிவிட்டு அவ்விடத்திலேயே புனைந்து பேசினார். மொரேனோவின் மாணவன் நகைச்சுவையாய் மீண்டும் தலைகாட்டினான். 1963இல் ஒருவர் பீட்டர் லோரே என்று தம் பெயரை மாற்றிக்கொள்ள லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தை நாடினார். லோரே எதிர்த்தார், நீதிமன்றம் மறுத்தது. பிரெக்டின் நாடகத்தில் பிறனொருவன் பெயரைச் சுமந்தவர், தம் பெயரைப் பிறன் சுமவாதபடி காக்க வழக்காட நேர்ந்தது. 1964 மார்ச் 23இல், அறுபது வயது நிறையுமுன், காலமானார். அடக்கத்தின்போது வின்சென்ட் பிரைஸ் இரங்கலுரை ஆற்றினார்.

'எம்' படத்தின் ஆங்கில வடிவம் ஒன்று 1932இல் உருவாக்கப்பட்டிருந்தது. பிற நடிகர்கள் பலருக்கு மாற்றுக்குரல் சேர்த்திருக்க, லோரே இறுதிப் பேச்சை ஆங்கிலத்தில் தாமே பேசி நடித்திருந்தார். நெடுங்காலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அப்படி 2005இல் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. நாடிழக்குமுன், நகல் செய்வார் எவரும் தோன்றுமுன், அவர் பேசிய முதல் ஆங்கிலம் அதில் இருக்கின்றது.