மின்தூக்கிப் பொத்தானில் இருக்கும் புள்ளிகள்... ஒரு காலத்தில் அவற்றுக்குத் தடை!

மின்தூக்கியில் ஏறியதும் மாடி எண்ணை அழுத்துவீங்க. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் மேடாக இருக்கும். தடவிப் பார்த்திருக்கீங்களா?

அதுதான் பிரெய்ல். பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் எழுத்து.

உருவாக்கியவர் லூயி பிரெய்ல். அப்போது அவருக்கு 15 வயதுதான். ஆனால் அவர் படித்த பள்ளியே பிறகு அந்த எழுத்தைத் தடை செய்தது. ஏன்?

யார் இந்த லூயி?

1809 ஜனவரி 4ஆம் தேதி, பாரிஸுக்குக் கிழக்கே உள்ள கூப்வ்ரே எனும் ஊரில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்பவர்.

3 வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடியபோது கூரான கருவி ஒன்று கண்ணில் குத்திவிட்டது. கிருமித்தொற்று இன்னொரு கண்ணுக்கும் பரவியது. 5 வயதில் பார்வை முழுவதும் போய்விட்டது.

அந்தக் காலத்தில் பார்வையில்லாத ஏழைகள் பலருக்குப் பிச்சைதான் கதி. லூயியின் பெற்றோர் அதை ஏற்கவில்லை. மற்றப் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 10 வயதில் பாரிஸில் இருந்த பார்வையற்ற இளையர் பள்ளியில் சேர்ந்தார்.

பள்ளியில் என்ன சிக்கல்?

புத்தகங்கள் இருந்தன. வழக்கமான எழுத்துகளையே பெரிதாக, மேடாக அச்சிட்டிருந்தார்கள். தூக்கவே கனம். ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முறையில் மாணவர்கள் சுலபமாக எழுதவும் முடியாது.

கொஞ்சம் யோசிங்க... அந்த எழுத்து யாருக்கு வசதி? பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு!

12 புள்ளிகள் 6 ஆன கதை

1821இல் சார்ல் பார்பியே எனும் முன்னாள் ராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து பள்ளிக்கு வந்தது. விரலுக்குப் புள்ளிதான் சரி என்று லூயிக்குப் புரிந்தது.

ஆனால் 12 புள்ளிகள் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. அது ஒலிகளை மட்டுமே குறித்தது. சரியான எழுத்துக்கூட்டல் இல்லை, நிறுத்தற்குறிகள் இல்லை. பார்வையற்றோருக்கு அவ்வளவு போதும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருந்தது.

லூயிக்கு அது போதவில்லை. மற்றவர்கள் படிப்பதை அப்படியே படிக்கணும், எழுதணும்!

1824க்குள் 6 புள்ளிகளில் தம் முறையை வடிவமைத்தார். 6 புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள் கிடைக்கும். 1829இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இசைக் குறிப்புகளையும் அதில் எழுதலாம்.

பிறகு ஏன் தடை?

லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். 1840இல் துஃபோ என்பவர் பள்ளி இயக்குநரானதும் நிலைமை மாறியது. பார்வையுள்ளோருக்குப் புரியாத எழுத்து, பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

கேட்பதற்கு நல்லெண்ணம் மாதிரிதான் இருக்கு. ஆனால் அந்த எழுத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மாணவர்கள் விடவில்லை. ரகசியமாகப் புள்ளி எழுத்தில் எழுதினார்கள், படித்தார்கள். துணை இயக்குநர் குவாதே அதன் பயனைக் கண்டு அவர்கள் பக்கம் நின்றார். 1844இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் பொதுமக்கள் முன்னிலையில் பிரெய்ல் எழுத்து செய்துகாட்டப்பட்டது. எதிர்ப்பு அடங்கியது.

லூயி 1852 ஜனவரி 6ஆம் தேதி காசநோயால் இறந்தார். 43 வயது முடிந்து இரண்டே நாள். பிரான்ஸ் அவருடைய எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல்தான்.

1952இல் அவரது உடல் பாரிஸின் பாந்தியோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கைகளை மட்டும் சொந்த ஊர் வைத்துக்கொண்டது. அவர் பிறந்த நாள் இன்று உலக பிரெய்ல் தினம். தமிழையும் அந்த 6 புள்ளிகளில் படிக்கலாம்.

லூயியைத் தடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பார்வையற்றோருக்கு எது நல்லது என்பது அவர்களைவிடத் தங்களுக்கே தெரியும் என்று நினைத்தவர்கள். அந்த எண்ணம் இன்னும் போகவில்லை. உடற்குறையுள்ள ஒருவருக்கு அடுத்தமுறை உதவ நினைத்தால், என்ன வேண்டும் என்று முதலில் அவரிடமே கேளுங்க.