கண்ணீருக்குக் காரணம் கண்டவர்

நோய் இன்னதெனத் தெளியாமற் கொடுக்கும் மருந்து நோயாளிக்கும் பயன்படாது. வைத்தியனுக்கும் புகழ் தராது. தனிமனிதர்க்குப் பொருந்தும் இவ்வுண்மை நகரங்களுக்கும் பொருந்தும். மாநகரொன்றின் நோய்முதலை ஆராய்ந்து கண்டு, அதனை அஞ்சாது எடுத்துரைத்தவர் ஆரி ஹாகன் ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ் நகரை 1943 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கரும்புகை மூடிற்று. மாந்தர் கண்ணெரிந்து நீர் வடித்தனர். போர்க்காலமாதலின், பகைவர் நச்சுப்புகை ஏவினரோ என ஐயுற்றோரும் உளர். செயற்கை இறப்பருக்கு மூலப்பொருள் ஆக்கிய தொழிற்சாலை ஒன்றன்மீது பழி விழுந்தது. அதன் புகையைக் கட்டுப்படுத்திய பின்னரும் நகரத்தின் கண்ணீர் நிற்கவில்லை.

ஹாகன் ஸ்மித் 1900 ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டின் உத்திரெக்து நகரிற் பிறந்தவர். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1936 இல் அமெரிக்கா சென்று, அடுத்த ஆண்டு முதல் பசடீனாவிலுள்ள கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்திற் பணியாற்றினார். தாவரங்களின் வளர்ச்சிப் பொருள்களையும், கனிகளுக்கு மணமூட்டும் நுண்பொருள்களையும் ஆராய்தலே அவரது துறை. ஆயிரக்கணக்கான இறாத்தல் அன்னாசிப் பழங்களிலிருந்து அவற்றின் மணத்திற்குரிய பொருள்களைப் பிரித்தெடுக்க முனைந்திருந்த வேளையிலேதான் நகரத்தின் புகை அவர் கருத்தை ஈர்த்தது.

அன்னாசி மணத்தைச் சிறைப்படுத்திய முறையையே அவர் புகைக்கும் கையாண்டார். சாளரத்தின் வழியே வெளிக்காற்றை இழுத்து, கடுங்குளிரூட்டிய குழாய்களிற் செலுத்தினார். பெருமளவு காற்றிலிருந்து தீநாற்றமுடைய கபில நிறத் துளிகள் சில திரண்டன. அவற்றைப் பகுத்தறிந்து 1950 களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட முடிபு யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. மோட்டார் வண்டிகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் வெளிவிடும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் ஞாயிற்றின் ஒளியிற் கலந்து ஓசோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களாக மாறுகின்றன என்பதே அது. நிலக்கரிப் புகையால் வருந்திய இலண்டனின் நோய் வேறு; வெயில் மிக்க இந்நகரின் நோய் வேறு. வளைத்த இறப்பர்த் துண்டு வெடிப்புறும் விரைவைக் கொண்டே காற்றிலுள்ள ஓசோனை அளக்கும் எளிய வழியையும் அவர் பயன்படுத்தினார்.

இம்முடிபை எண்ணெய் நிறுவனத்தார் ஏற்கவில்லை. அவர்தம் பொருளுதவியால் ஆய்வு நடாத்திய நிறுவனமொன்று அவர் கருத்தைப் பிழையென்றது. பழைய ஆய்வுக்கு மீளக் கருதியிருந்த அவர், தம் சொல்லை மெய்ப்பித்தற்பொருட்டுப் புகையாராய்ச்சியிலேயே நிலைத்தார். பிற ஆய்வாளரும் அவர் முடிபை உறுதிசெய்தனர்.

அறிவின் வழியே சட்டம் வந்தது. 1960 இல் கலிபோர்னியா அமைத்த மோட்டார் வாகன மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அவர் உறுப்பினரானார். இயந்திரத்தின் அடியறையிற் கசியும் வாயுவை மீண்டும் எரியறைக்குத் திருப்பும் கருவி 1963 ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதற் கட்டாயமாயிற்று. புகைக்குழாய் வழி வெளிவரும் ஐதரோகாபன்களுக்கும் காபனோரொட்சைட்டுக்கும் 1966 இல் எல்லை வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் இதுவே முதன்முறை. 1968 இல் ஆளுநர் றொனால்ட் றீகன் அவரைப் புதிய காற்றுவள வாரியத்தின் முதற்றலைவராக நியமித்தார்.

ஈண்டு ஒரு நுட்பம் உணரத்தக்கது. முதலில் வகுத்த எல்லைகளுக்கமையப் பெற்றோலை முற்றாக எரிக்குமாறு இயந்திரங்களைத் திருத்தியபோது, வெப்பம் மிக்கு நைதரசன் ஒட்சைட்டுகள் பெருகின. ஒரு தீமையைக் குறைத்த விதி மற்றொன்றை வளர்த்தமை அளவீட்டினாலேயே புலனாயிற்று. எனவே 1971 இல் அவ்வாயுக்கும் எல்லை விதிக்கப்பட்டது. பழைய வண்டிகளிலும் அதனைக் குறைக்கும் கருவியைப் பொருத்தல் வேண்டுமென்ற திட்டம் உடைமையாளரின் எதிர்ப்பை வளர்த்தது. இப்பிணக்கின் நடுவே, 1973 ஆம் ஆண்டின் இறுதியில், நியமித்த ஆளுநரே அவரைப் பதவியினின்று நீக்கினார். அதே ஆண்டிலேதான் நாட்டின் உயரிய அறிவியற் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. 1977 மார்ச் மாதத்தில் அவர் காலமானார்.

அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. 1975 மாதிரி வண்டிகள் முதல் ஊக்கி மாற்றிகள் பரவின. அவை ஈயங் கலந்த பெற்றோலை ஏலாவாதலின், ஈயமும் படிப்படியாக விலகிற்று. 1970 களில் ஆண்டுதோறும் பன்முறை விடுக்கப்பட்ட கடும் ஓசோன் எச்சரிக்கை, 1999 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஒரு நாளேனும் விடுக்கப்படவில்லை. எனினும் நோய் முற்றாக நீங்கிவிடவில்லை. ஓசோன் இன்றும் அங்கே விதித்த அளவை மீறும் நாட்கள் பலவுள.

எல் மொண்டேயில் வாரியம் நடாத்திய ஆய்வுகூடம் அவர் பெயரைத் தாங்கிற்று. ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் வண்டிகளில், சோதனைவேளையில் மட்டும் மாசைக் குறைக்கும் கள்ளக் கட்டளைகளைப் புகுத்தியிருந்தது. உருளைகளின் மீது ஓடிய வண்டி ஒழுக்கமுடையது. வீதியில் ஓடிய அதே வண்டி, விதித்த அளவினும் நாற்பது மடங்குவரை நைதரசன் ஒட்சைட்டுகளைக் கக்கியது. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் வீதியிலே அளந்து கண்ட இம்முரண்பாட்டை வாரியத்தார் தொடர்ந்து துருவினர். 2015 செப்டெம்பரில் வஞ்சம் உலகறிய வெளிப்பட்டது. எவ்வாயுவின் பொருட்டு ஹாகன் ஸ்மித் வாதாடினாரோ, அவ்வாயுவைப் பற்றிய பொய்யை அவர் பெயர் தாங்கிய ஆய்வுகூடமே வெளிக்கொணர உதவிற்று. விதி வகுத்தல் எளிது. அது வீதியில் நிலைபெற்றதா என அளந்தறிதலே அரிது. அவ்வரிய செயலுக்கு வழிகாட்டியவர் அப்பெரியார்.