ஜேம்ஸ் ஸம்னர் சரிதம்

சோற்றை வாயிலிட்டு நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுகின்றது. இரவில் கரைத்து வைத்த தோசை மாவு விடியற்காலையில் பொங்கிப் புளித்திருக்கின்றது. மண்ணில் ஊறிய விதையினுள் அடங்கிக் கிடந்த மாப்பொருள், முளைக்கு உணவாகக் கரைகின்றது. நெருப்பும் காரமுமின்றி ஓசைப்படாது நிகழும் இவ்விரசாயன மாறுதல்களை நடத்துவன நொதிகள் என்று இக்காலத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின் அந்நொதிதான் யாது, எப்பொருளால் ஆகியது என்ற வினாவுக்கு 1926-ம் வருஷம் வரையில் பேரறிஞரும் விடை காணாது மயங்கினர். அம்மயக்கத்தை அவரை விதையொன்றைக் கொண்டு அகற்றியவர் அமெரிக்க தேசத்தவராகிய ஜேம்ஸ் பேட்செலர் ஸம்னர் என்பார். அவருக்கு இருந்தது ஒரு கை. அவரது சரிதத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு வரையலுற்றோம்.

ஸம்னர் 1887-ம் வருஷம் நவம்பர் மாதம் 19-ந் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கான்டன் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய முன்னோர் 1636-ல் இங்கிலாந்திலிருந்து சென்று குடியேறியவர்கள். தந்தையார் பெருநிலம் உடையவர். உறவினர் பஞ்சாலைத் தொழில் நடத்தினர். ஆதலின் குறைவற்ற வளர்ப்பே வாய்த்தது. ராக்ஸ்பரி லத்தீன் பள்ளியில் பயின்ற காலத்துப் பௌதிகமும் இரசாயனமும் தவிர ஏனைப் பாடங்கள் அவருக்குச் சுவைக்கவில்லை. வேட்டையில் பெருவிருப்பம் இருந்தது. அவ்விருப்பமே அவருக்கு இடராக முடிந்தது. பதினேழாம் வயதில் நண்பனோடு பறவை வேட்டைக்குச் சென்றபோது, நண்பன் துப்பாக்கி தவறி வெடித்துக் குண்டு இடக்கையிற் பாய்ந்தது. முழங்கைக்குச் சற்றுக் கீழே கையை வெட்டியெடுக்க நேர்ந்தது. ஸம்னரோ பிறவியிலேயே இடக்கைப் பழக்கமுடையவர். எழுதவும், உண்ணவும், பொத்தான் மாட்டவும் வலக்கையைப் புதிதாய்ப் பழக்க வேண்டியதாயிற்று. இழந்தது ஒரு கை மட்டுமன்று, தேர்ந்த கை என்பதை வாசிப்போர் மனத்திற் கொள்ளல் வேண்டும். சில வருஷங்களில் அவர் டென்னிஸ் பந்தாட்டத்திலும், பனியிற் சறுக்கும் விளையாட்டிலும், குறி தவறாது சுடுவதிலும் இருகையுடையாரும் வியக்குமாறு தேர்ந்தார்.

1906-ல் ஹார்வர்டு கலாசாலையிற் சேர்ந்து 1910-ல் இரசாயனத்திற் பட்டம் பெற்றார். சின்னாள் உறவினரது நெசவாலையில் இருந்தார், அது பிடிக்கவில்லை. பிறகு இரண்டோர் இடங்களில் ஆசிரியத் தொழில் பார்த்து, 1912-ல் ஹார்வர்டு வைத்தியக் கலாசாலையில் ஆட்டோ போலின் என்னும் பேராசிரியரிடம் உயிர் இரசாயனம் கற்கச் சென்றார். போலின் அவரை ஏற இறங்கப் பார்த்து, ஒரு கையுடையவன் இரசாயனத்தில் முன்னுக்கு வருதல் அரிது, சட்டம் பயின்று வக்கீலாகலாமே என்று புத்தி கூறினார். அவ்வார்த்தையில் வன்மம் இல்லையென்றே நாம் எண்ணுகின்றோம். கண்ணாடிக் குழாய்களையும் கொதிக்கும் திராவகங்களையும் நாள் முழுதும் கையாளும் தொழிலுக்கு, உலகியல் அறிந்த எந்த ஆசிரியரும் அன்று அவ்வாறே கூறியிருப்பர். ஸம்னர் வணக்கமாய்க் கேட்டுக்கொண்டு அங்கேயே தங்கினார். 1914-ம் வருஷம் ஜூன் மாதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டுக் கோடையில் அவர் ஐரோப்பாவிற் சுற்றிக்கொண்டிருக்க, முதல் உலக மகாயுத்தம் மூண்டது. ஸ்விட்ஸர்லாந்தில் ஏறக்குறைய ஒரு மாதம் வெளியேற வழியின்றி இருந்தார். அப்பிரயாணத்தின்போதே கார்னெல் சர்வகலாசாலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பதவி தருவதாகத் தந்தி வந்தது. இதாகா என்னும் சிற்றூரில் உள்ள அக்கலாசாலையே அவர் வாழ்நாள் முழுதும் உழைத்த இடமாயிற்று.

ஸம்னர் எடுத்த காரியத்தின் அருமை விளங்க, புரதம் என்பதைப் பற்றிச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. உயிருள்ள பொருள் யாதாயினும், அது நுண்ணறைகளால் ஆகியது. அவ்வறைகளில் நீரை நீக்கி நிறுத்தால், எஞ்சுவதில் பெரும்பகுதி புரதமே. 1838-ல் டச்சு தேசத்து முல்டர் என்பவர் அப்பெயரை அச்சிலேற்றினார். முதன்மையானது என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொல்லினின்று அதனை அமைத்துக் கொடுத்தவர் ஸ்வீடன் தேசத்துப் பெர்ஸீலியஸ். அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம் என்க. அவ்வமிலங்களின் பொதுவகை இருபது. பூக்கள் இருபது வகையேயாயினும் தொடுக்கும் முறையால் மாலைகள் எண்ணிறந்தனவாதல் போல, இவ்விருபதும் நிரல்படும் முறையால் வெவ்வேறு புரதங்கள் உண்டாகின்றன. இங்ஙனம் கோத்த சங்கிலி நீண்டு கிடப்பதில்லை. சுருண்டும் மடிந்தும் தனக்கே உரிய ஓர் உருவத்தை அடைகின்றது. நொதியாயின், அவ்வுருவத்தில் ஒரு குழிவு அமைந்து, குறித்த பொருள் மட்டும் அதிற் பொருந்தி மாறுதல் அடைந்து வெளிப்படும். பூட்டும் சாவியும் போன்றது இது என்று 1894-லேயே எமில் பிஷர் என்னும் ஜெர்மானிய அறிஞர் உவமை கூறினார். உருவம் குலைந்தால் தொழிலும் குலையும். முட்டையின் வெண்கரு சூட்டில் இறுகி மீளாது போதல் புரதத்தின் உருவம் குலைவதால். காய்ச்சிய நொதி பயனற்றுப் போவதும் அதனாலேயே.

இவ்வளவும் இன்று தெளிவு. ஸம்னர் ஆராய்ச்சி தொடங்கிய நாளில் நொதி புரதந்தான் என்று துணிந்து கூறுவார் அரியர். மாறாகக் கூறியவரோ சாமானியர் அல்லர். இலைகளின் பச்சை நிறப்பொருளை ஆராய்ந்து 1915-ல் நோபெல் பரிசு பெற்ற ரிச்சர்டு வில்ஸ்டேட்டர், நொதி என்பது புரதத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறொரு சிறு பொருள் என்றும், புரதம் அதனைத் தாங்கும் வாகனம் மாத்திரமே என்றும் சாதித்தார். அவர் காட்டிய சான்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. நொதிக் கரைசலை அவர் மேலும் மேலும் சுத்தி செய்துகொண்டே சென்றார். முடிவிற் புரதத்தைக் காட்டும் பரிசோதனைகள் யாவும் இல்லையென்றே விடை தந்தன. நொதியின் தொழிலோ நின்றபாடில்லை. புரதம் நீங்கியும் தொழில் நிற்குமாயின் நொதி புரதம் ஆமாறு எங்ஙனம் என்று அவர் கேட்டார். கற்றோர் உடன்பட்டனர். அச்சான்றில் ஓட்டை இருந்தது உண்மை. அணுவளவு நொதியே மலையளவு வேலை செய்யுமாதலின், அந்நாட் பரிசோதனைகளின் கண்ணிற் படாத அளவு புரதம் எஞ்சியிருந்தாலும் தொழில் நடக்கும். இது பின்னரே தெளிவாயிற்று.

1917-ல் ஸம்னர் ஒரு நொதியைத் தனியே பிரித்தெடுத்துக் கண்ணாற் காண்பதென்று துணிந்தார். போதனைச் சுமை மிகுதி, கருவிகள் சில, பணமும் உதவியாளரும் குறைவு. சிறு சிறு காரியங்களிற் காலத்தைச் சிதறவிடாது, கைகூடினாற் பெரும்பயன் தரும் ஒன்றையே பற்றுவோம் என்று அவர் கருதினார். அவர் தேர்ந்த நொதி யூரியேஸ் என்பது. யூரியாவை நீரிலிட்டால் அது தானே சிதைய வருஷங்கள் செல்லும். யூரியேஸ் தொட்டவுடன் அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துவிடும். மாட்டுக் கொட்டிலில் கோமியம் தங்கிய மூலையில் மூக்கைத் துளைக்கும் நெடியை எழுப்புவது நுண்கிருமிகளின் யூரியேஸே. இந்நொதி ஜாக் அவரை என்னும் விதையில் நிரம்பவுண்டு. நம் நாட்டு வேலியோரங்களிற் படரும் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய இனம் அது. விதையை மாவாக்கி, அம்மாவினின்று ஒவ்வொரு புரதத்தையும் பிரித்து, எது தொழில் செய்கின்றது என்று பார்ப்பதே அவர் கொண்ட வழி.

ஒன்பது வருஷங்கள் அவ்வழியிற் சென்றன. இடையில் வேறு புரதங்கள் படிகமாய்க் கிடைத்தன. அவற்றுள் யூரியேஸ் இல்லை. பரிசோதனைச் சாலையில் குளிர்பெட்டி கிடையாது. கண்ணாடிப் பாத்திரங்களைச் சன்னலின் வெளிப்புறத்து வைத்துவிட்டுக் குளிர் வரவேண்டுமென்று காத்திருப்பராம். 1921-ல் உதவிச் சம்பளம் பெற்றுப் பிரஸ்ஸெல்ஸ் நகரத்தில் ஜீன் எபிரான்ட் என்னும் நொதியறிஞரிடம் ஆராயச் சென்றார். யூரியேஸைப் பிரிக்கும் எண்ணம் நகைப்புக்கிடமானது என்று அவர் கூறிவிட்டமையால் அக்காரியம் நடவாது போயிற்று. ஸம்னர் ஊர் திரும்பி மீண்டும் மாவைக் கரைக்கத் தொடங்கினார்.

1926-ம் வருஷத்தில் அவர் ஒரு சிறிய மாற்றம் செய்தார். அதுகாறும் சாராயத்தாற் கரைத்துவந்த மாவை அஸிடோன் என்னும் திரவம் கலந்த நீராற் கரைத்தார். 100 கிராம் மாவுக்கு 500 கன சென்டிமீட்டர். அதில் அஸிடோன் நூற்றுக்கு 32 பங்குக்குச் சற்றுக் குறைவு. வடிகட்டியிலிட்டு இராமுழுதும் குளிரில் விட்டு வைத்தார். காலையில் வடிந்திருந்தது சிறிதே. அதில் ஒரு துளியைப் பூதக்கண்ணாடியின் கீழ்ப் பார்க்க, முன்னர்க் கண்டிராத எண்முகப் படிகங்கள் நுண்ணியவாய் மின்னின. அவற்றைச் சேர்த்து நீரிற் கரைத்து யூரியாவிலிட்டார். வேகம் அளவிறந்ததாயிருந்தது. புரதப் பரிசோதனைகள் அனைத்தும் ஆமென்றன. உடனே தொலைபேசியில் மனைவியாரை அழைத்துச் செய்தி கூறினார். உலகத்தில் நொதியொன்று படிகமாய்க் காணப்பட்டது அதுவே முதன்முறை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க உயிர் இரசாயனப் பத்திரிகையில் கட்டுரை வெளிவந்தது.

அறிஞருலகம் மாலையிட்டு வரவேற்கவில்லை. வில்ஸ்டேட்டரின் மாணாக்கர் பலர் மறுத்தனர், ஏனையோர் வாளாவிருந்தனர். 1927-ல் வில்ஸ்டேட்டர் கார்னெலுக்கே விருந்தாக வந்து நொதிகளைப் பற்றி உபந்நியாசங்கள் செய்தார். ஸம்னர் பெயரறியப்படாத உதவிப் பேராசிரியர். வந்தவரோ உலகப் புகழினர். தம் ஊரிலேயே தம் முடிவுக்கு மாறான கொள்கையைப் பேரவை கேட்டிருக்க அவரும் கேட்டிருத்தல் எளிதன்று. ஆயினும் எதிர்த்தோர் சொல்லிலும் நியாயம் இருந்ததென்று நாம் கூறுவோம். படிகமானது சுத்தத்திற்கு அடையாளமேயன்றி முழுச் சாட்சியன்று. படிகத்தினுள் வேறொரு பொருள் ஒளிந்திருத்தல் கூடும். இவ்வையத்தை வாதினால் தீர்த்தல் இயலாது. ஸம்னர் மேலும் பத்து வருஷங்கள் செய்கையால் விடை கூறினார். புரதத்தைச் செரிக்கும் பெப்ஸினை யூரியேஸோடு சேர்த்துக் காட்டினார். புரதம் அழிய அழியத் தொழிலும் அழிந்தது. முயல்களுக்குச் சிறுகச் சிறுக யூரியேஸ் ஏற்றினார். அவற்றின் இரத்தத்தில் அதனையே எதிர்க்கும் பொருள் தோன்றியது.

வெற்றியை உறுதி செய்தவர் மற்றொருவர். பிரின்ஸ்டனில் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஜான் நார்த்ராப் என்பவர் 1930-ல் பெப்ஸினையே படிகமாக்கினார். கரையும் அளவு, பரவும் வேகம், சூட்டில் குலையும் விகிதம் என எவ்வழியிற் சோதித்தும் புரதமும் தொழிலும் பிரியாது ஒன்றாகவே செல்வதை அவர் நிறுவினார். நார்த்ராப்பின் பரிசோதனைகள் ஸம்னருடையவற்றினும் நுட்பமானவை என்பதை மறைத்தல் தகாது. ஆயினும் முதலிற் காட்டில் வழி வெட்டியவர் ஸம்னரே. 1935-ல் வெண்டல் ஸ்டான்லி புகையிலைச் செடியை வாட்டும் நச்சுயிரையும் படிகமாக்கினார். 1937-ல் ஸம்னர் தம் மாணாக்கர் டௌன்ஸ் என்பவரோடு கேட்டலேஸ் என்னும் வேறொரு நொதியைப் படிகமாக்கினார். அவ்வாண்டே ஸ்வீடன் சென்று உப்ஸாலா நகரத்து ஸ்வேட்பெர்க் என்பாரிடம் அதிவேகச் சுழல்யந்திரத்தால் யூரியேஸின் எடையை அளக்க, ஜலவாயு அணுவைப்போல் ஏறத்தாழ 4,83,000 மடங்கு என்று வந்தது. 1946-ம் வருஷத்து இரசாயன நோபெல் பரிசில் பாதி ஸம்னருக்கும், மறுபாதி நார்த்ராப், ஸ்டான்லி இருவருக்குமாக வழங்கப்பட்டது. அவரை மாவைக் கரைக்கத் தொடங்கி இருபத்தொன்பது வருஷங்கள் கழிந்திருந்தன. அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகமோ, நோபெல் பரிசும் வந்த பிறகு 1948-ல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது!

அவருடைய இல்வாழ்க்கையில் மும்முறை விவாகம் நிகழ்ந்தது. அதனை விரித்தல் நம் கருத்தன்று. ஓய்வு பெற்றபின் பிரேஸில் தேசத்தில் நொதி ஆராய்ச்சியைத் தொடங்குவிக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கையில் புற்றுநோய் கண்டு, 1955-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி பப்பலோ நகரத்தில் காலமானார்.

அவர் எடுத்த நொதியின் கதை அவரோடு முடியவில்லை. 1975-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஆராய்ச்சியாளர் யூரியேஸினுள் நிக்கல் என்னும் உலோகம் இருப்பதைக் கண்டனர். தூய புரதமே என்று ஸம்னர் கொண்ட முடிவுக்கு இது ஒரு திருத்தம். அந்த உலோகமின்றி நொதி தொழில் செய்யாது; உலோகத்தைப் பற்றி உரிய இடத்தில் நிறுத்துவதோ புரதத்தின் உருவமே. 1988-ல் அதன் சங்கிலியொன்றில் 840 அமினோ அமிலங்கள் இருப்பது எண்ணியறியப்பட்டது. அத்தகைய சங்கிலிகள் ஆறு கூடியதே ஒரு யூரியேஸ். 1995-ல் கிருமியொன்றின் யூரியேஸினது முழு உருவத்தை எக்ஸ் கதிர்களால் வெளிப்படுத்தியவர்கள் ஸம்னர் வாழ்ந்த கார்னெலிலேயே இருந்தனர்.

அவரை விதையின் யூரியேஸ் மட்டும் தன் உருவத்தைக் காட்டாதே இருந்தது. அதனைக் கண்டது நம் சென்னை மாநகரம். தசை நார்களைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் புரதம் முப்புரி முறுக்காக அமைந்ததென்று 1954-ல் சொல்லிய ஜி. என். இராமச்சந்திரன் வளர்த்த சென்னைச் சர்வகலாசாலைப் படிகவியல் துறையில், இருவர் ஜாக் அவரையின் யூரியேஸை மீண்டும் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களிடை நிறுத்தி, ஆறு சங்கிலிகளும் மடிந்திருக்கும் முறையையும், ஒவ்வொன்றிலும் நிக்கல் இரண்டிரண்டாய் அமர்ந்திருக்கும் குழிவையும் கண்டு 2010-ல் வெளியிட்டனர். ஸம்னர் இதாகாவில் ஒரு காலைப்பொழுது கண்ட அவ்வெண்முகப் படிகத்தின் உள்ளமைப்பு இங்ஙனம் கிண்டியில் தெரிய வந்தது.